ஆயிரம் டிகிரி மோதிரம்

என் அண்ணன் மகள் ஹுனாடியின் கல்யாண மோதிரத்தைப் பற்றிச் சொல்வதென்றால், அதைச் செய்த மேதாவியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பெயர் லெசீபா. முனைவர் லெசீபா. முனைவரை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் அவனுக்குக் காது கேட்காது. பிரிட்டோரியாவில் நான் காலமெல்லாம் குப்பை கொட்டிய அதே உலோக ஆராய்ச்சிக் கூடத்தில்தான் அவனும் இருக்கிறான். கூடத்தில் என்னை 'டாக்டர் மாஷிலோ' என்பான். ஹுனாடியோடு நிச்சயமான மறுநாளே 'அத்தை' என்று குழைய ஆரம்பித்துவிட்டான். மாப்பிள்ளை ஆகாத வரைக்கும் என் கட்டுரைகளை அவன் படித்ததில்லை. ஆன பிறகும் படிக்கவில்லை. ஆனால் பாராட்டினான்.

எங்கள் மண்ணுக்கு அடியில் பிளாட்டினம் கிடக்கிறது, உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு. அதற்கு ஏதாவது புது வேலை தேடிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கூடத்தின் தலையெழுத்து. அப்படித் தேடியதில் அகப்பட்டதுதான் டைட்டானியம்-பிளாட்டினம். இரண்டையும் அணுவுக்கு அணு சரிபாதி சேர்த்து உருக்கினால், வெறும் கலவையாக இல்லாமல், அவரவர் நாற்காலியில் அவரவர் உட்கார்ந்த மாதிரி ஒழுங்கான ஒரு சேர்மம் கிடைக்கிறது. அணுவில்தான் சரிபாதி. எடை போட்டால் ஐந்தில் நாலு பங்கு பிளாட்டினம், அது அவ்வளவு கனம். சாம்பல் நிறம், கல் மாதிரிக் கெட்டி, துருப்பிடிக்காது. ஆயிரம் டிகிரியைத் தாண்டினால் உள்ளே அணுக்கள் இடம் மாறி உட்காரும். ஆறினால் பழைய இடத்துக்கு வரும். அதனால் ஆறிய நிலையில் அதை வளைத்து வைத்தால், மறுபடி ஆயிரத்தைத் தாண்டும்போது பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். விமான எஞ்சினின் கொதிக்கும் வயிற்றுக்குள் மோட்டாரே இல்லாமல் தானாகத் திறந்து மூடும் கதவு செய்யலாம் என்று எல்லாரும் கட்டுரை எழுதினோம். நானும்தான்.

திரும்பப் பார்க்கும் என்று சொன்னேன், கவனியுங்கள். திரும்பும் என்று சொல்லவில்லை. அந்தச் சூட்டில் அது வெண்ணெய் மாதிரி இளகிவிடுகிறது. வளைத்ததில் பத்தில் ஒரு பங்கு நிமிர்ந்தால் அன்றைக்குக் கேக் வெட்டுவோம். கொஞ்சம் இரிடியம் சேர்த்தோம், கொஞ்சம் சிர்கோனியம் சேர்த்தோம், ஏதோ தேறியது. இன்று வரை எந்த விமானமும் எங்கள் வாசலில் வந்து நின்று அதைக் கேட்கவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். ஆனால் லெசீபாவுக்கு வெட்கமாக இருந்தது. விமானத்துக்கு ஆகாததைப் பெண்டாட்டி விரலில் மாட்டலாம் என்று முடிவு செய்தான்.

அண்ணன் மடோமே வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் அதை அறிவித்தான். மடோமே ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆய்வாளர். பட்டம் வாங்கியவன் சொன்னால் பகலை இரவு என்றாலும் போர்வையைத் தேடுகிற ஆள். தங்கை நானும் பட்டம் வாங்கியவள்தான், அது கணக்கில் சேராது.

"தங்க மோதிரமெல்லாம் எல்லாரும் போடறது மாமா," என்றான் லெசீபா. "நான் போடப்போறது உலகத்துலயே யாரும் போடாதது. ஞாபகசக்தி உள்ள மோதிரம்."

"கேட்டியா தங்கச்சி?" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினான். "ஞாபகசக்தியாம்."

"கேட்டேன். விரல் வீங்கினா எப்படிக் கழட்டுவ?" என்று லெசீபாவைக் கேட்டேன்.

அவன் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி. "அதுக்குத்தான் அத்தை வழி வெச்சிருக்கேன். முதல்ல கொஞ்சம் பெரிசா செய்வேன். அப்புறம் ஆறினதும் அமுக்கி அவ விரல் அளவுக்குக் கொண்டு வருவேன். பெரிசா இருந்தது அதுக்கு ஞாபகம் இருக்கும். கழட்டணும்னா சூடு பண்ணா போதும், தானா விரியும்."

"எத்தனை டிகிரியில?"

"ஆயிரத்து அம்பது."

"அந்தச் சூட்டுல மோதிரம் விரியும். விரல் எங்கே இருக்கும்?"

"நான் தத்துவத்தைச் சொல்றேன் அத்தை," என்றான், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

அண்ணன் கைதட்டினான். ஹுனாடி சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் கீரை பரிமாறினாள். அவள் பொலொக்வானேயில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். பிறத்தியார் வாயில் துணிச்சலாகக் கை விடுவாள், தன் வாயைத் திறக்க மாட்டாள். அந்தச் சாதுத்தனம் எனக்குப் பிடிக்காது. மண்ணாந்தை என்றே நினைத்திருந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, எங்கள் கூடத்திலேயே வைத்து அவள் விரலை அளந்தான். நல்ல குளிர்காலம், பேசினால் வாயிலிருந்து புகை வரும். கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்ற பெண்ணின் இடது கையைப் பிடித்து, உலோகத் துண்டுகளை அளக்கும் அளவியை வைத்து, குளிரில் சுருங்கிக் குச்சியாகியிருந்த விரலை மூன்று தடவை அளந்தான். அப்புறம் கணக்குப் போட்டான். கல்யாணம் டிசம்பரில், எங்கள் ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஜூனிலிருந்து டிசம்பருக்குள் மோதிரம் எவ்வளவு விரியும்? தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. அதையும் கழித்துக்கொண்டான். உலோகம் விரிவதைக் கணக்குப் பார்த்தவனுக்கு, விரல் சதையால் ஆனது, வெயிலில் அதுவும் உப்பும் என்பது தோன்றவே இல்லை. எங்கள் தொழிலில் ஊறியவனால் மட்டுமே செய்ய முடிகிற முட்டாள்தனம் இது. வழியில் போகும் வாழைப்பழக்காரியிடம் கேட்டிருந்தால்கூட, ஒரு சுற்றுப் பெரிதாகச் செய் என்று சொல்லியிருப்பாள்.

மோதிரத்தைச் செய்தவரையில் குறை சொல்ல மாட்டேன். ஆர்கான் வாயுவுக்குள் மின்வில்லால் உருக்கி, திருப்பித் திருப்பிப் போட்டு மறுபடி உருக்கி, குவார்ட்ஸ் குழாய்க்குள் மூடிச் சுட்டு, மின்பொறி தெறிக்கும் கம்பியால் வெட்டி எடுத்து, வைரப் பொடியால் தேய்த்திருந்தான். பார்க்க மழைக்கு முந்தின வானம் மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சல்.

டிசம்பர் வந்தது. எங்கள் வழக்கப்படி சனிக்கிழமை கல்யாணமும் விருந்தும் பெண் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டில். ஞாயிறு காலை பெண்ணைக் கைப்பிடித்துக் கொண்டுபோய் அந்த வீட்டில் விடுவது தகப்பனின் தங்கை வேலை. சர்ச்சில் கையெழுத்துப் போட்டதெல்லாம் அரசாங்கத்துக்கு. அத்தை கைப்பிடிக்காமல் எந்தப் பெண்ணும் மாப்பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. அதற்காகவே நான் புதுச் செருப்பு வாங்கி, காலைக் கடிக்க விட்டுக்கொண்டிருந்தேன்.

சர்ச்சில் மோதிரம் நடு மூட்டில் நின்றுவிட்டது. லெசீபா அழுத்தினான். போகவில்லை. ஹுனாடியின் மணிக்கட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையின் கட்டைவிரலால் ஆணி அடிக்கிற மாதிரி ஒரு தள்ளு. உள்ளே போயிற்று. அவள் உதட்டைக் கடித்தது முன் வரிசையில் இருந்த எனக்குத் தெரிந்தது. அவன் சபையைப் பார்த்து நிமிர்ந்தான்.

"இந்த மோதிரம் எதையும் மறக்காது," என்றான். "என்னை மாதிரியே."

பெண்கள் குலவையிட்டார்கள். அண்ணன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொலொக்வானேயை ஒட்டிய செஷெகோவில் அண்ணன் வீட்டு முற்றத்தில் பெரிய கூடாரம். மாட்டுக்கறி, குடல் கறி, மக்காச்சோளக் களி, பீட்ரூட், வாளி வாளியாக இஞ்சிப் பானம். கூடாரத்துக்குள் அனல். பெண்ணை உட்கார விடுவார்களா? வரிசை கட்டி ஆடினார்கள், அவளும் நடுவில் ஆடினாள். மதியம் தாண்டியபோது அவள் இடது கையை மடியில் பூங்கொத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். குடல் கறி என்றால் உயிரை விடுபவள், தட்டைத் தொடவே இல்லை.

"என்னடி?" என்றேன் குனிந்து.

"அத்தை, கொஞ்சம் வீட்டுக்குள்ள வாங்க."

குளியலறையில் பூங்கொத்தை எடுத்தாள். விரல் கத்திரிக்காய் நிறத்தில், தொட்டால் வெடிக்கிற மாதிரி. மோதிரம் சதைக்குள் புதைந்து, ஒரு சாம்பல் கோடு மட்டும் தெரிந்தது. சோப்பு போட்டோம், சமையல் எண்ணெய் போட்டோம், பனிக்கட்டிக்குள் வைத்தோம், விரலைச் சுற்றி நூல் கட்டி உருவிப் பார்த்தோம். அசையவில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர், ஆனால் சத்தமில்லை.

"மரத்துப் போச்சு அத்தை. நுனியில உணர்ச்சியே இல்ல. இந்தக் கை இல்லாம நான் பல் பிடுங்க முடியாது."

லெசீபாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் விருந்தாளிகளைப் பார்த்துக்கொள்வதற்காக இருந்துவிட்டான். அவசரப் பிரிவில் அன்றைக்கு ஒரு இளம் டாக்டர் இருந்தார். மோதிரம் வெட்டும் சின்னக் கருவியை எடுத்தார். பல் வைத்த சக்கரம், கையால் சுற்ற வேண்டும். தங்கத்தையும் வெள்ளியையும் பாலாடைக்கட்டி மாதிரி வெட்டுமாம். இதில் சக்கரத்தின் பல்தான் மழுங்கியது. மோதிரத்தில் ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான்.

"இது என்ன உலோகம்?" என்று டாக்டர் கேட்டுத் தொலைத்தார்.

லெசீபாவின் முகத்தில் விளக்கு எரிந்தது. கட்டிலில் பெண்டாட்டி விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிடக்க, அவன் அணு எப்படி இடம் மாறுகிறது என்பதை இரண்டு கையையும் ஆட்டி விளக்கினான். எஞ்சின் கதவு வந்தது. இரிடியம் வந்தது. மேலே போய்ப் படிக்க ஒரு கட்டுரையின் தலைப்புகூடச் சொன்னான். அவனுடையதுதான்.

"சார்," என்றார் டாக்டர், "விரலுக்கு ரத்தம் போகல. இன்னும் நேரமானா விரலைக் காப்பாத்த முடியாது. தீயணைப்புக்காரங்ககிட்ட பெரிய கத்திரி இருக்கு, கூப்பிடறேன். ரெண்டு பக்கமும் நெரிச்சா உடைஞ்சிடும்."

"ஐயோ வேண்டாம்," என்றான் லெசீபா. "நசுங்கிடும்."

"விரலைப் பத்திரமா பார்த்துக்குவாங்க."

"மோதிரத்தைச் சொல்றேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சொந்தக்காரனாகப் போனானே, என்ன செய்ய.

"பிரிட்டோரியாவுக்குப் போயிடலாம் அத்தை," என்றான் அவன். "கார்ல மூணு மணி நேரம். நம்ம கூடத்துல மின்பொறிக் கம்பி இயந்திரம் இருக்கே. கையைத் தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சா, சுத்தமா ரெண்டே வெட்டு. ஓரம்கூட பிசிறு இருக்காது."

"மின்சாரத்தால வெட்டற மெஷின்ல அவ கையை வைக்கப் போறியா?"

"அது விரலை வெட்டாது அத்தை. மின்சாரம் கடத்தற பொருளை மட்டும்தான் வெட்டும்."

"ரத்தமும் சதையும் கடத்தாதா?"

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "அந்த அளவுக்கு இல்ல," என்றான். "கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்."

அவனை அறையலாம் என்று கை எழுந்தது. அதற்குள் கட்டிலிலிருந்து ஹுனாடி இறங்கினாள். கவுனை ஒரு கையால் சுருட்டித் தூக்கிக்கொண்டாள்.

"அத்தை, வண்டியை எடுங்க. என் கிளினிக்குக்குப் போகலாம்."

கிளினிக் பக்கத்தில்தான், லெசீபாவும் பின்னாலேயே வந்தான். கல்யாணத்துக்காக ஒரு வாரம் மூடல் என்று கதவில் அவளே ஒட்டிய தாள், ஓரத்தில் இரண்டு இதயம் வரைந்திருந்தது. உள்ளே போனதும் அந்த மண்ணாந்தைப் பெண்ணைக் காணவில்லை. கண்ணாடியை மாட்டினாள், முகமூடியை மாட்டினாள். இடது கையைக் கருவித் தட்டின் மேல் விரித்து, அதைப் பட்டையால் கட்டும்படி என்னிடம் சொன்னாள். பல்லைச் சுற்றிக் கட்டும் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றை எடுத்து, மோதிரத்துக்கும் சதைக்கும் நடுவில் நுழைத்தாள். நுழைக்கும்போது அவள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. வைர முனை வைத்த துளைப்பானை வலது கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க இந்தக் குழாயைப் பிடிங்க அத்தை. தண்ணி தெளிக்கும்போது இது உறிஞ்சிக்கும். முனை சூடாகக் கூடாது. நான் நிறுத்துங்கன்னாலும் எடுக்காதீங்க."

துளைப்பான் கீச்சிட்டது. பல்லைத் தொட்டாலே நமக்கெல்லாம் உயிர் போகும் அந்தச் சத்தம், மோதிரத்தில் பட்டபோது இன்னும் உச்சத்துக்குப் போயிற்று. சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்தது. வைர முனை மழுங்கிற்று. மாற்றினாள். அதுவும் மழுங்கிற்று. மாற்றினாள். பட்டம் வாங்கிய இத்தனை பேர் அந்த உலோகத்தின் கெட்டியைப் புகழ்ந்து எழுதியிருக்கிறோமே, ஒருவராவது அதன் எதிர்ப்பக்கத்தில் ஒரு பெண்ணின் விரலை வைத்து யோசித்திருப்போமா என்று எனக்கு எங்கள் எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது.

"ஹுனாடி, அந்த இடத்துல வெட்டாத," என்றான் லெசீபா. "கொஞ்சம் தள்ளி வெட்டு. அங்கதான் அமுக்கினது. நுண்ணோக்கியில பார்க்கணும்."

அவள் அதே இடத்தில் இன்னும் ஆழமாக இறக்கினாள்.

"தூள் போகுது. அத்தை, தூள் எல்லாம் குழாய்க்குள்ள போகுது."

"போகட்டும்," என்றேன்.

"ஐயோ, எடை கொடுக்கணும் அத்தை. கூடத்துக்கு. உங்களுக்குத் தெரியாதா, பிளாட்டினத்துல ஒரு பொட்டு குறைஞ்சாலும் விட மாட்டாங்க."

எனக்குத் தெரியும். எங்கள் கூடத்தில் தேய்த்த துணியைக்கூட எரித்துச் சாம்பலை எடை போடுவார்கள். ஆனால் அது கூடத்தின் பிளாட்டினத்துக்கு.

"உன் மோதிரத்துக்கு எதுக்குடா கூடத்துக்கு எடை?"

துளைப்பான் நின்றது. ஹுனாடி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அது... பயன்பாட்டுச் சோதனைன்னு காட்டித்தான் பிளாட்டினம் எடுத்தேன்," என்றான். "ஒரு வருஷம் இவ போட்டிருந்தா, எவ்வளவு தேயுது, வியர்வைக்கு நிறம் மாறுதா, எல்லாம் தெரிஞ்சிடும். இந்த உலோகத்தை மனுஷ உடம்புல போட்டுப் பார்த்தது இதுவரைக்கும் யாரும் இல்ல ஹுனாடி. நாமதான் முதல்ல. ஒரு வருஷம் கழிச்சுத் திருப்பிக் கொடுத்துட்டு உனக்குத் தங்கத்துலயே வாங்கித் தரேன்."

நாமதான் என்றான். எனக்குக் காது கூசியது. கல்யாணம் செய்கிறேன் என்று ஊரைக் கூட்டி, மாட்டை அடித்து, சபை நடுவில் மறக்க மாட்டேன் என்று வசனம் பேசி, கடைசியில் என் அண்ணன் மகளை ஒரு சோதனைத் தாங்கியாக மாட்டி வைத்திருக்கிறான். கூடத்தில் நாங்கள் சோதனைத் துண்டுகளை இரும்புப் பிடிக்குள் வைப்போம். இவன் அவள் விரலுக்குள் வைத்திருக்கிறான்.

ஹுனாடி கண்ணாடியை இறக்கிக்கொண்டு துளைப்பானை மறுபடி ஓட்டினாள். ஒரு பக்கம் அறுந்தது. அந்த உலோகம் கை பலத்துக்கு நெகிழாது, ஒரு வெட்டில் விரித்து எடுக்க முடியாது. கையைத் திருப்பிக் கட்டச் சொல்லி, அடுத்த பக்கம் ஆரம்பித்தாள். இரண்டாவதும் அறுந்தபோது அரை வட்டமாக இரண்டு துண்டு தட்டில் விழுந்தது, சின்ன ஓசைதான். விரலில் பள்ளமாக ஒரு வளையம் பதிந்திருந்தது. அவள் விரலை மெல்ல நீவினாள். ஊதாவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு ஏறியது. நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தாள், வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தது.

"வலிக்குது," என்றாள். "நல்லது. வலிக்குது."

நான் அவள் தலையைக் கட்டிக்கொண்டேன். மண்ணாந்தை என்று நினைத்தேனே, என் வாயில் மண்.

பின்னால் ஏதோ திருகும் சத்தம் கேட்டது. லெசீபா கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, கல்யாணக் கால்சட்டையோடு தரையில் மண்டியிட்டிருந்தான். உறிஞ்சும் குழாய் போய்ச் சேரும் ஜாடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மூடி திறந்ததும் நாற்றம் அறையை நிரப்பியது. போன வாரம் வந்த நோயாளிகளின் எச்சில், ரத்தம், பல் துணுக்கு எல்லாம் அதற்குள்தான். அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்த டீ வடிகட்டியை எடுத்து அந்தக் கூழை அள்ளி அள்ளி அலசினான்.

"இருக்கு அத்தை," என்றான் தலை நிமிராமல். "கனமான தூள் அடியில தங்கும். கொஞ்சம் லைட்டை இந்தப் பக்கம் திருப்புங்க."

நான் திருப்பவில்லை. ஹுனாடி நோயாளி நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு தடவையாவது திரும்பி விரல் எப்படி இருக்கிறது என்று கேட்பான் என்று காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவன் வடிகட்டியைத் தட்டினான், அலசினான், மறுபடி அள்ளினான்.

அவள் எழுந்து, தட்டிலிருந்த இரண்டு துண்டையும் எடுத்து ஜாடி மூடியின் மேல் அவன் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் எடை போட்டுக்கோ," என்றாள்.

"தேங்க்ஸ் கண்ணு," என்றான்.

அவள் என் பக்கம் வந்தாள். "அத்தை, நாளைக்குக் காலையில அவங்க வீட்டுக்கு நீங்கதானே என்னைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்?"

"ஆமாம்."

"வராதீங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டாவது தடவை கேட்க வேண்டிய முகமாக அது இல்லை.

"சரி," என்றேன்.

"என்ன சொன்ன ஹுனாடி?" என்றான் கீழேயிருந்து.

"ஒண்ணுமில்ல. நீ தேடு."

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். குடல் கறி மிச்சம் இருக்குமா என்று கேட்டாள். உனக்காக எடுத்து மூடி வைத்திருக்கிறேன் என்றேன். கிளினிக் விளக்கை நாங்கள் அணைக்கவில்லை. அவனுக்குத் தேட வெளிச்சம் வேண்டுமே.